வட்ட விளக்கப்படம் பள்ளிக் கணக்கில் இனியும் வேண்டுமா?

எண்ணாடி:
வேண்டாம் என்பதே என் கருத்து. நம் கண் நீளத்தை ஒப்பிடுவதில் கெட்டி, கோணத்தில் தடுமாறும். புள்ளியியல் ஆய்வாளர்கள் கிளீவ்லாந்தும் மெக்கிலும் 1984-இல் சோதித்துக் காட்டியதும் இதைத்தான். 24%, 26% என்று இரண்டு துண்டுகளை எண் எழுதாமல் வரைந்து கொடுங்கள், எது பெரியது என்று பிள்ளைகள் திணறுவார்கள். பட்டை விளக்கப்படத்தில் அது பளிச்சென்று தெரியும்.

கவராயம் (கணக்கு ஆசிரியர்):
இரண்டு பங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட வட்டம் தோதாக இல்லை, சரி. ஆனால் அது வந்ததே வேறு வேலைக்கு. 1801-இல் வில்லியம் பிளேஃபேர் வட்டத்தைத் துண்டு போட்டது, துருக்கியப் பேரரசின் நிலம் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று எப்படிப் பிரிந்திருந்தது என்று காட்டத்தான். ஒரு பங்கு மொத்தத்தில் பாதியைத் தாண்டியதா, காலுக்குக் கீழா? செங்கோணத்தைப் பார்த்ததுமே கால் பங்கு என்று சொல்லிவிடலாம். பட்டையில் அத்தனையையும் மனக்கணக்காகக் கூட்ட வேண்டும்.

எண்ணாடி:
வகுப்பில் அப்படியா நடக்கிறது? மொத்தத்தால் வகு, 360-ஆல் பெருக்கு, பாகைமானியை வை, வண்ணம் அடி. அவ்வளவுதான். ஏழு சம பங்கு வந்தால் ஒவ்வொன்றும் 51.43 பாகை. 51 என்று வைத்து ஆறு துண்டு போட்டதும் மிச்சம் 54. சமமான ஏழில் ஒன்று மட்டும் பெருத்து நிற்கும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மதிப்பெண் மட்டும் வந்துவிடும்.

பின்வரிசை:
நீங்கள் இருவரும் தொடாத ஒன்று. பள்ளி ‘அ’-வில் 400 பேர், கதைப்புத்தகம் படிப்பவர்களின் துண்டு 90 பாகை. பள்ளி ‘ஆ’-வில் 1200 பேர், அதே துண்டு 60 பாகை. எங்கே அதிகம் பேர் படிக்கிறார்கள்? பெரிய துண்டைப் பார்த்து ‘அ’ என்பார்கள். ‘அ’-வில் 100 பேர், ‘ஆ’-வில் 200 பேர். மொத்தம் தெரியாமல் துண்டை வைத்து எண்ணிக்கை பேசவே கூடாது. இது பிடிபடாமல் பெரியவர்கள்கூட ஏமாறுகிறார்கள்.

கவராயம்:
அருமையான கேள்வி. வட்டத்தை எடுத்துவிட்டால் இதை எங்கே கேட்பீர்கள்? வரைவதற்குத் தரும் நேரத்தில் பாதியை இப்படிப் படிப்பதற்குத் தாருங்கள் என்றால் முழு மனதோடு ஒப்புக்கொள்வேன்.

எண்ணாடி:
பாதி போதாது. 100 பேரிடம் ‘பிடித்த விளையாட்டுகள் எவை’ என்று கேட்டால் ஒருவரே இரண்டு மூன்று சொல்வார். கிரிக்கெட் 60, கால்பந்து 50, சதுரங்கம் 40, ஆக 150 விடை. பிள்ளைகள் கூசாமல் 60-ஐ 150-ஆல் வகுத்து 144 பாகை போடுவார்கள். 60% பேருக்குப் பிடித்த கிரிக்கெட் படத்தில் 40% ஆகிவிடும்.

கவராயம்:
பங்குகள் ஒன்றோடொன்று கலந்தால் வட்டம் கூடாது, இதில் மறுப்பே இல்லை. அதையும் தேர்வில் கேட்க வேண்டும்: “இந்த விவரத்துக்கு வட்டம் வரையலாமா? காரணம் கூறு.”

எண்ணாடி:
அந்தக் கேள்வி வினாத்தாளில் வரட்டும், அப்புறம் நான் என் வாதத்தை விடுகிறேன்.