கர்ப்பப்பை வாய் புற்றுநோய் கீமோ: அம்மாவிடம் நான் கேட்கத் தவறியது

அம்மாவுக்கு 56 வயது. நோய் நுரையீரல் வரை போன பிறகுதான் தெரியவந்தது. பாக்ளிடாக்சல், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளையும் சேர்த்து 21 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் 6 சுற்று என்றார்கள். இப்போது ஐந்தாவது முடிந்திருக்கிறது.

எல்லோரும் வாந்தியைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். அதற்கு முன்கூட்டியே ஊசி, மாத்திரை எல்லாம் உண்டு, ராத்திரிக்கு வாந்தியை அடக்கும் ஒலான்சபின் மாத்திரை சேர்த்த பிறகு அம்மா நன்றாகத் தூங்கவும் செய்தார். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் என்று பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவார்கள், அன்றைக்கு பாத்ரூமுக்கு நடந்தே ஓய்ந்துவிடுவார். மூன்றாவது வாரம் முடி கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. தாளிக்கிற வாசனையே ஆகாது, மோர்சாதம்தான்.

எங்களைக் கதிகலங்க வைத்தது இரண்டாவது சுற்றின் ஒன்பதாம் நாள். லேசாகக் காய்ச்சல் அடித்ததும் அம்மா யாரிடமும் சொல்லாமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார், விடியற்காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது, 102 டிகிரி. ஆட்டோ பிடித்து ஓடினோம். கிருமியோடு போராடுகிற ரத்த வெள்ளையணு 1000-க்கும் கீழே. ஆறு நாள் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை கவுண்ட் இறங்கியிருக்கும், 100.4 தொட்டாலே நடுராத்திரியானாலும் வந்துவிடுங்கள் என்று அப்போதுதான் சொன்னார்கள். முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம் விரல். அம்மா கண்ணை மூடிக்கொண்டே மல்லிகை தொடுப்பார். நாலாவது சுற்றுக்கு முன்னால் ஒரு நாள் பார்க்கிறேன், கட்டக் கட்டப் பூ உதிர்ந்து மடியில் விழுகிறது. ஒரு மாதமாகவே கையில் நார் இருப்பதே தெரியவில்லையாம். "சொன்னா மருந்த நிறுத்திடுவாங்கன்னு பயந்தேன்டி" என்றார். டாக்டரிடம் சொன்னோம். நிறுத்தவில்லை, பாக்ளிடாக்சல் அளவைத்தான் குறைத்தார்.

———

தங்கச்சி, எனக்கும் இதே நோய்தான். கட்டி சிறுநீர்க் குழாயை அழுத்தி கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறிவிட்டதால் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் கொடுத்தார்கள். வாந்தி அவ்வளவு இல்லை, ஆனால் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் இறங்கி ஒரு சுற்று தள்ளிப்போனது. கூடவே கட்டிக்கு ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து, அதில் பிரஷர் ஏறும் என்பதால் வீட்டிலேயே பார்த்துக் குறித்து வைக்கிறேன். ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் "எப்படிம்மா இருக்கு" என்று கேட்காதீர்கள். நல்லாத்தான் இருக்கு என்றுதான் நாங்கள் சொல்வோம். மருந்தால் நரம்போ காதோ பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிய, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா, காதில் இரைச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

———

அக்கா, நீங்கள் சொன்னபடியே இன்றைக்குக் கேட்டேன். போன வாரம் இடது கால் செருப்பு தெருவிலேயே கழன்று கிடந்திருக்கிறது, வீட்டு வாசலுக்கு வந்துதான் அம்மா பார்த்திருக்கிறார். காதிலும் வண்டு குடைகிற மாதிரி சத்தம், நாலு நாளாக. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டேன். வியாழக்கிழமை ஓபி.