பதில்: ‘போட்டோ கொன்வேர்ட்’ – வடிவமாற்றமா, வகைமாற்றமா?

அன்பின் நண்பர்களுக்கு,

‘போட்டோ கொன்வேர்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்று கேட்டு இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் வாசித்தேன். ஐபோன் படங்களைச் சேமிக்கும் எச்.ஈ.ஐ.சி. (HEIC) கோப்பை எங்கும் திறக்கும் ஜேபெக் (JPEG) கோப்பாக்கும் வேலைக்கு ‘வடிவமாற்றம்’ என்று வைத்துவிடலாம் என்பதே பெரும்பாலானோரின் எண்ணமாக இருக்கிறது. அதை முடிவாக்க முன்னர் என் மறுப்பையும் கேட்கவேண்டும்.

> வடிவம் எல்லோருக்கும் விளங்கும் சொல். புதிதாகத் தேடுவானேன்?

விளங்கும், ஆனால் வேறொன்றாக விளங்கும். வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துக் கொமியூனிகேஷன் கடை எதற்காவது போய், ‘இந்தப் படத்தின் வடிவத்தை மாற்றித் தாங்கோ’ என்று கேட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் அளவா, விசா அளவா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். படம் என்று வந்துவிட்டால் வடிவம் என்பது சதுரம், நீள்சதுரம், வெட்டுகிற அளவு. ‘ஃபோர்மட்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்றவருக்கும் இதே சிக்கல்தான். எங்கள் பேச்சில் ‘போனை ஃபோர்மட் பண்ணியாச்சு’ என்றால் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது என்று பொருள். பேரப்பிள்ளையின் படங்களைப் போனில் சேர்த்து வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் ‘ஃபோர்மட் மாற்றவேணும்’ என்று சொன்னால் அவர் போனைக் கையில் தரவே பயப்படுவார்.

‘உருமாற்றம்’ அழகான சொல். ஆனால் வாற்பேத்தை தவளையாவதற்கும் உருமாறிய பாறைக்கும் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படிக்கிறோம். இங்கே உரு மாறவே கூடாது. ‘குறிமாற்றம்’ கணிதத்தில் சக (+) சய (−) ஆவது, அதை விட்டுவிடுவோம்.

இந்த வேலையில் உண்மையில் மாறுவது என்ன என்பதைப் பார்க்கவேண்டும். ஜேபெக் 1992இல் தரமாக்கப்பட்டது. படத்தை 8க்கு 8 படப்புள்ளி (பிக்சல்) கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் படாத நுண்விபரங்களைக் கைவிட்டுச் சுருக்குகிற முறை அது. எச்.ஈ.ஐ.சி. இரண்டு அடுக்குகளாக இருக்கிறது. வெளியே இருப்பது ஹீஃப் என்ற கொள்கலன். காணொளி, ஒலிக் கோப்புகளுக்கான தரநிலைகளை வகுக்கும் எம்பெக் குழு 2015இல் முடித்த தரநிலை அது. ஒரே கோப்புக்குள் பல படங்களைக்கூட அது வைத்திருக்கும். உள்ளே இருப்பது எச்.ஈ.வி.சி.; காணொளிக்காக 2013இல் வந்த சுருக்க முறை. அப்பிள் 2017இல் ஐ.ஓ.எஸ். 11 உடன் ஐபோன் 7 முதலான போன்களில் இதையே இயல்பான முறையாக்கியது. ஏறத்தாழ அதே தரத்துக்கு ஜேபெக் பிடிக்கும் இடத்தில் பாதி போதும் என்பதால் அந்த முடிவில் நியாயம் உண்டு. ஆனால் எச்.ஈ.வி.சி. காப்புரிமைகளுக்குள் இருக்கிறது. அதனால்தான் விண்டோஸ் 10இல் இந்தப் படங்களைத் திறக்கத் தனி நீட்சிகள் (கூடுதலாக நிறுவும் சிறு மென்பொருள்கள்) தேவைப்படுகின்றன, எச்.ஈ.வி.சி. நீட்சிக்குக் காசும் கேட்கிறார்கள். அன்ட்ரொய்ட்டில் 2018இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து ஆதரவு உண்டு. அதற்கு முந்திய போன்களும் பழைய கணினிகளும் எங்கள் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கனடாவிலிருந்து வந்து நிற்கும் சித்தி கலியாண வீட்டில் ஐபோனில் எடுத்த படம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமாவின் கணினியில் திறக்காமல் போவது இப்படித்தான்.

மாற்றும் மென்பொருள் அந்தக் கொள்கலனைத் திறந்து, சுருக்கத்தை விரித்து, படப்புள்ளிகளாக்கி, அவற்றை ஜேபெக் முறையில் மறுபடியும் சுருக்கி எழுதுகிறது. கோப்பின் வகை மாறுகிறது. பார்ப்பவருக்குப் படம் அதே படம். அதனால் என் பரிந்துரை ‘வகைமாற்றம்’. ‘கோப்புவகை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் யாருக்கும் தனியாக விளக்கத் தேவையில்லை. பொத்தானில் ‘வகைமாற்று’ என்று எழுதலாம், கருவியை ‘வகைமாற்றி’ எனலாம், ‘வகைமாற்றிய படங்கள்’ என்று கோப்புறைக்குப் பெயர் வைக்கலாம். வினையாக வளையாத கலைச்சொல் அகராதியிலேயே கிடந்து காய்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரைகளை யூனிகோட்டுக்குக் கொண்டுபோன காலத்தில் ‘எழுத்துரு மாற்றி’ என்ற சொல்லை யாரும் கற்பிக்காமலே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ‘மாற்றி’ எங்கள் நாக்குக்குப் பழகிய ஈறு.

> நிரலாக்கத்தில் வகைமாற்றம் என்றால் வேறு அல்லவா?

நல்ல கேள்வி, இதில்தான் நான் அதிகம் யோசித்தேன். அங்கே மாறுவது தரவுவகை. முழுதாகத் ‘தரவுவகை மாற்றம்’ என்று எழுதினால் குழப்பம் வராது. இரண்டுக்கும் உறவு இருப்பது நல்லதுதான் என்றும் சொல்வேன். 3.7 என்ற தசம எண்ணை முழுவெண் வகைக்கு மாற்றினால் பல மொழிகளில் 3 மட்டும் மிஞ்சும், எஞ்சியது போய்விடும். எச்.ஈ.ஐ.சி. படத்தை ஜேபெக் ஆக்கும்போதும் இரண்டாம் முறை சுருக்குவதால் ஒரு சிறு இழப்பு உண்டு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றை வைத்து மற்றதை விளக்கலாம். மூலக்கோப்பை ஏன் அழிக்கக்கூடாது என்பதும் அப்போதே அவருக்குப் புரிந்துவிடும்.

வகைமாற்றத்தோடு சேர்த்துப் பேசவேண்டிய இன்னும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள எச்.ஈ.ஐ.சி.யை அழித்துவிட்டு ஜே.பி.ஜி. என்று தட்டுகிறார்களே, அது வெறும் பெயர்மாற்றம். உள்ளே ஒரு பைட்டும் மாறுவதில்லை. சில மென்பொருள்கள் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்துத் திறந்துவிடுவதால் வேலை முடிந்தது என்று நம்பிவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் கோப்பை ஏதாவது இணையப் படிவத்தில் ஏற்றினால் நிராகரிக்கப்படுகிறது. கடைசி நாளன்று விண்ணப்பிக்கிறவருக்கு அது பெரிய இடி. உதவிக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதை முதல் வரியிலேயே சொல்லவேண்டும்.

மற்றது, ஐபோனின் ‘லைவ் போட்டோ’ என்ற அசையும் படத்தோடு வரும் சிறு காணொளியை மூவ் கோப்பிலிருந்து எம்பி4 ஆக்குவது. உள்ளே இருக்கும் காணொளியைத் தொடாமல் கொள்கலனை மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் போதும். தரம் குறையாது, நொடியில் முடியும். இதற்குப் ‘பொதிமாற்றம்’ என்று தனிச்சொல் வேண்டும். வகைமாற்றம் என்றால் படம் அல்லது காணொளி மறுபடியும் சுருக்கப்படுகிறது, பொதிமாற்றம் என்றால் இல்லை. ‘கொன்வேர்ட்’ என்ற ஒரே சொல் இந்த வேறுபாட்டை மறைக்கிறது. தமிழில் அதைத் தெளிவாகக் காட்ட முடியுமென்றால் ஏன் காட்டாமல் விடவேண்டும்?

> கொழும்பில் யார் இதைச் சொல்லப்போகிறார்கள்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ‘கொன்வேர்ட் கரலா தென்ன’ (மாற்றித் தாருங்கள்) என்று சிங்களத்தில்தான் நானும் கேட்பேன். மூன்று மொழிக்காரரும் நிற்கிற இடத்தில் அந்தச் சொல் நன்றாகவே வேலை செய்கிறது, அதைத் துரத்தவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் சொல் வாழவேண்டிய இடம் செயலியின் பட்டியலும் பாடப்புத்தகமும் உதவிப்பக்கமும். தமிழில் மட்டும் வாசிக்கிறவருக்குத் தன் படத்துக்கு என்ன நடக்கிறது என்று அங்கே தெரியவேண்டும்.

ஐபோனின் கமரா அமைப்பில் வரும் இரண்டு தெரிவுகளையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; முதலாவது படத்தை எச்.ஈ.ஐ.சி. ஆகவும் மற்றது ஜேபெக் ஆகவும் சேமிக்கும். ‘உயர் வினைத்திறன்’ என்பதை விட ‘குறைந்த இடம்’ என்று எழுதலாம். மற்றதற்கு ‘அதிக இணக்கம்’ வேண்டாம், ‘எங்கும் திறக்கும்’ என்று நேராகவே சொல்லுவோம். கேபிளில் கணினிக்கு மாற்றும்போது போன் தானே ஜேபெக் ஆக்கிக் கொடுக்கும் வசதிக்குத் ‘தன்னியக்க வகைமாற்றம்’ பொருந்தும். படம் எடுத்த திகதி, இடம் முதலிய தகவல்கள் சில வகைமாற்றிகளில் விடுபட்டுவிடும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலும் அதே கதைதான். ஆகவே ‘தகவல்களோடு வகைமாற்று’ என்று ஒரு தெரிவும் கட்டாயம் வேண்டும். தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் படம் இன்று எடுத்த படமாகப் பட்டியலில் வந்து நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

‘பொதி’ பற்றி மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. மென்பொருள் பொதி, தரவுப் பொதி என்று அது ஏற்கெனவே பல இடங்களில் ஓடுகிறது. ‘உறைமாற்றம்’ பொருத்தமா? கடித உறையை நினைவூட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் உறைதல் என்ற வினையோடு முட்டுமோ என்ற யோசனையும் வருகிறது. காணொளித் தொகுப்பில் வேலை செய்கிறவர்கள் இதற்கு என்ன சொல் பாவிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து