இன்டர்னலின் பூசிய மணிகள் செல்லுக்குள் நுழைய மறுக்கின்றன: அவசர உதவி தேவை

குழலி, யஷ்வந்தபுரம்:
வணக்கம். லிஸ்டீரியா பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள இன்டர்னலின்-ஏ புரதத்தை லேட்டக்ஸ் மணிகளில் பூசி, குடல் செல்களின் மேல் விட்டு, 37 பாகையில் ஒரு மணி நேரம் வைக்கிறேன். பாக்டீரியாவே இல்லாவிட்டாலும் இந்தப் புரதம் பூசிய மணியைச் செல் விழுங்கிவிடும் என்று 1990களிலேயே காட்டியிருக்கிறார்கள். எனக்கோ மூன்று முறையும் ஒன்றும் நுழையவில்லை. கழுவியதும் எல்லாம் போய்விடுகின்றன. வெள்ளிக்கிழமை ஆய்வகக் கூட்டத்தில் காட்ட வேண்டும். எங்கே தவறுகிறேன்?

நாகராஜன், ஹெப்பாள்:
சகோதரி, எந்தச் செல்கள், எதைக் கொண்டு கழுவினீர்கள், உள்ளே போனதையும் வெளியே ஒட்டியதையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள் என்று எதையுமே சொல்லவில்லையே? எனக்குக் கால்சியத்தின் மேல்தான் சந்தேகம். இன்டர்னலின்-ஏ பற்றும் ஈ-கேதரின் என்ற செல் மேற்பரப்புப் புரதம், கால்சியம் இல்லாவிட்டால் உருக்குலைந்துவிடும். கால்சியம் சேர்க்காத உப்புக் கரைசலை ஊற்றியிருந்தால் பிடிப்பு அங்கேயே விட்டுப்போயிருக்கும்.

மீனாட்சி, மல்லேஸ்வரம்:
கால்சியத்துக்கு முன், செல்கள் எவ்வளவு நெருக்கமாக வளர்ந்திருந்தன என்று பாருங்கள். ஈ-கேதரின் அண்டைச் செல்களை ஒட்டவைக்கும் பசை. ஆகவே பக்கச்சுவரில்தான் இருக்கும். செல்கள் தரை முழுவதும் இடைவெளியின்றி நிரம்பிவிட்டால் மேலிருந்து விழும் மணிக்கு அது எட்டாது. குடலில்கூட, விரல் போன்ற குடலுறிஞ்சிகளின் செல்கள் உதிரும் நுனிகளிலும் சளி சுரக்கும் செல்களைச் சுற்றியும் அது வெளியே தெரிவதால்தான் லிஸ்டீரியாவுக்கு வழி கிடைக்கிறது.

பழைய ஆய்வாளர்:
பத்து வருடமாக இதே வகைக் கேள்விகளுக்குப் பதில் எழுதி வருகிறேன். அடிப்படைக் கட்டுரைகளை ஒரு முறை படித்துவிட்டு வந்தால் எல்லோருடைய நேரமும் மிஞ்சும். ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ட்ரோல் வைத்தீர்களா இல்லையா என்பதை முதலில் சொல்லுங்கள்.

குழலி:
மன்னிக்கவும், ஐயா. அல்புமின் பூசிய மணிகள் கண்ட்ரோலாக உண்டு. இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. கழுவும் கரைசலில் கால்சியம் இருக்கிறது. செல்கள் பாதியளவே நிரம்பியிருந்தன. செல் சவ்வைத் துளையிடாமல், உள்ளே புக முடியாத எதிர்ப்பொருள் சாயமிட்டு, வெளியே உள்ள மணிகளைச் சிவப்பாகக் காண்கிறேன். செல் ஓரத்தில் ஓரிரு சிவப்பு மணிகள் மட்டும் நிற்கின்றன. குடல் செல்கள் எங்கள் ஆய்வகத்தில் எப்போதும் வளர்ப்பவைதாம்.

நாகராஜன், ஹெப்பாள்:
எப்போதும் வளர்ப்பவை என்றால் எந்த உயிரினத்துடையவை, அம்மா?

குழலி:
சுண்டெலியுடையவை. பிறகு எலிகளிலேயே சோதிக்க வேண்டும் என்பதால் வழிகாட்டி அப்படித் தேர்ந்தார்.

மீனாட்சி, மல்லேஸ்வரம்:
விடை அங்கேதான் இருக்கிறது; செல் நெருக்கம் பற்றிய என் கருத்தை விட்டுவிடுகிறேன். மனித ஈ-கேதரினின் 16ஆம் இடத்தில் உள்ள அமினோ அமிலம் புரோலின். சுண்டெலியில் குளுட்டாமிக் அமிலம். அந்த ஒரே மாற்றத்தால் இன்டர்னலின்-ஏ பிடிக்க முடிவதில்லை என்று 1999இல் காட்டினார்கள். பிடி கிடைத்தால்தான் கேதரினின் உள்வாலோடு இணைந்த கேட்டனின்கள் என்ற புரதங்கள், செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகளைத் திரட்டும். செல்களைச் சேர்த்துவைக்கும் அதே எந்திரம், ஒட்டியிருப்பது அண்டைச் செல் என்று எண்ணி மணியை இழுத்து அணைத்துக்கொள்ளும். பிடியே இல்லாதபோது அந்த எந்திரம் எப்படி அசையும்? லிஸ்டீரியாவின் மற்றொரு புரதமான இன்டர்னலின்-பி பூசிய மணிகளையும் அதே எலிச் செல்களில் விட்டுப் பாருங்கள். அது மெட் என்ற வேறு ஏற்பியைப் பிடிப்பது. எலியின் மெட் அதற்கு இணங்கும். அவை நுழைந்தால் உங்கள் செய்முறையில் குறையில்லை.

பழைய ஆய்வாளர்:
லிஸ்டீரியாவுக்கு எலியே தவறான விலங்கு என்று அன்றே சொன்னேன். 1926இல் கேம்பிரிட்ஜில் இந்தக் கிருமியைக் கண்டதே முயல்களிலும் கினிப்பன்றிகளிலும்தான்.

நாகராஜன், ஹெப்பாள்:
ஐயா, இதை ஏற்க முடியவில்லை. கினிப்பன்றியின் கேதரினில் புரோலின் இருந்தாலும், அதன் மெட் இன்டர்னலின்-பியை மதிப்பதில்லை, முயலிலும் அப்படியே. ஒன்றில் ஒரு கதவு திறந்தால் இன்னொன்று பூட்டியிருக்கிறது. இரண்டும் திறப்பது ஜெர்பில் எலியில். மேலும் 1962இல் மெக்கனஸ், சுண்டெலியில் லிஸ்டீரியாவைச் செலுத்தித்தான் செல்வழி எதிர்ப்பாற்றலைத் தெளிவாக்கினார். ஊசிவழி செலுத்தும்போது குடல் கதவைத் தட்டவே வேண்டியதில்லை. குடல் நுழைவைக் கேட்கும் கேள்விக்கு மட்டுமே எலி பொருந்தாது.

பழைய ஆய்வாளர்:
குடல் நுழைவைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நான் சொன்னதும் அதுவே.

மீனாட்சி, மல்லேஸ்வரம்:
எலியின் கேதரினில் அந்த ஓர் அமினோ அமிலத்தை மனிதனுடையதாக மாற்றிய எலிகளும் உண்டு என்பதைக் குழலி தம் வழிகாட்டியிடம் சொல்லட்டும். அதற்குள் பக்கத்து ஆய்வகத்தில் மனிதக் குடல் செல்களான கேக்கோ-2 கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்ததா, குழலி?

குழலி:
கிடைத்தது. கேக்கோ-2இல் மணிகள் நுழைந்துவிட்டன. சிவப்பு இல்லாத மணிகள் செல்லுக்குள் தெரிகின்றன. இன்டர்னலின்-பி இன்னும் செய்யவில்லை. நன்றி.