பள்ளித் தோட்டத்தில் நாட்டுக்கோழி: கோடை விடுமுறையில் யார் பார்ப்பது?

கேள்வி (பாலக்கோடு):
அரசுப் பள்ளி ஆசிரியர் நான். கீரைப் பாத்திகளை ஒட்டிப் பத்து நாட்டுக்கோழிகளை வளர்த்து, எருவைத் தோட்டத்துக்கும் முட்டையைப் பிள்ளைகளுக்கும் பயன்படுத்த எண்ணுகிறோம். கோடையில் பள்ளி மூடிய பின் அவற்றைப் பராமரிப்பது எப்படி?

பதில் (பென்னாகரம்):
ஐயா, எங்கள் ஊரில் மகளிர் குழுவினர் இருவர் முறைவைத்துத் தீனியும் தண்ணீரும் வைக்கிறார்கள்; விடுமுறை முட்டை அவர்களுக்கே என்று முதலிலேயே பேசிவிட்டதால் சச்சரவு இல்லை. ஆனால் கூண்டைச் சுற்றிக் கம்பிவலையை மண்ணுக்குள் பதிக்காததால், ஒரே இரவில் நான்கு கோழிகளைக் கீரிக்குப் பறிகொடுத்தோம்.

பதில் (ஓசூர்):
கீரிக்குத் தப்பினாலும், கோழிகளைக் கொல்லும் தொற்றுநோயான வெள்ளைக்கழிச்சல் விடாது. அதைத் தடுக்கக் குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் லசோட்டா என்னும் தடுப்புச் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கையில் தடுப்பூசியும் அவசியம். புதிய எச்சத்தை அப்படியே பாத்தியில் இட்டால் அதன் சூடு வேரைக் கருக்குவதோடு, கிருமிகள் கீரையிலும் ஒட்டும் என்பதால், கேழ்வரகுத் தாளுடன் கலந்து சில மாதங்கள் நன்கு மட்கவைத்த பிறகே இடுங்கள். கூண்டைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பென்னாகரம் அம்மா, இப்போது வலையை எவ்வளவு ஆழம் பதித்திருக்கிறீர்கள்?

பதில் (பென்னாகரம்):
ஓர் அடி, ஐயா; அடிப்பக்கத்தை வெளிப்புறமாக மடக்கிக் கல்லும் அடுக்கியிருக்கிறோம்.