ஹெட்போனைக் கழற்றிய பிறகு கேட்ட ‘திக்ஃப்ரீக்னெஸ்’

பிளாக் கீஸ் இசைக்குழுவின் ‘திக்ஃப்ரீக்னெஸ்’ ஆல்பத்தை முதன்முறை கேட்டபோது, எனக்குக் கிடைத்த பிரதியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். கிடார் கரகரத்தது; டிரம்ஸ், பக்கத்து வீட்டில் யாரோ தகரப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்டது; குரலோ இரண்டுக்கும் நடுவில் புதைந்து கிடந்தது. வயலின் வரிசையும் கோரஸும் அடுக்கடுக்காக வந்து சேரும் பாட்டுகளிலேயே பழகிய காதுக்கு, இரண்டே பேர் வாசித்ததை முழு ஆல்பமாக ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

அதை எனக்குக் கொடுத்த தம்பி, என்னோடு வேலை பார்ப்பவர், விடுவதாக இல்லை. “அண்ணே, ஹெட்போன்ல கேட்டிருப்பீங்க, அது சரிப்படாது. ரூம்ல ஸ்பீக்கர போட்டு நல்லா சத்தமா வச்சுக் கேளுங்க” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவர் சொன்னபடியே செய்தேன். முதல் பாட்டில் கிடாரின் தடித்த கீழ்ச்சுரம் எழுந்ததும், அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று கிணுகிணுவென்று அதிரத் தொடங்கியது. அதை நகர்த்தி வைக்க எழுந்தவன் இரண்டடி நடந்ததும் நின்றுவிட்டேன். கிடாரின் கரகரப்பும் டம்ளரின் அதிர்வும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக ஒலித்தன. சின்ன அறை ஒன்றில் இரண்டு பேர் அடக்காமல் வாசித்தால் அந்த அறையே எப்படி முழங்குமோ, அந்த முழக்கத்தைத்தான் நான் கோளாறு என்று தள்ளியிருக்கிறேன் என்பது அந்த இடத்தில் நின்றபடியே புரிந்தது.

அதன் பிறகுதான் அவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். கிடார் வாசித்துப் பாடும் டான் அவர்பாக்கும் டிரம்ஸ் வாசிக்கும் பேட்ரிக் கார்னியும் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஒரு காலத்தில் டயர்த் தொழிலால் செழித்த ஏக்ரன் நகரத்தில், ஒரே பகுதியில் வளர்ந்தவர்கள். ஆல்பத்தை வெளியிடவிருந்த நிறுவனம் கொடுத்த சொற்ப முன்பணம் வாடகைக்கே போய்விட்டதால், 2002 டிசம்பரில் கார்னியின் வீட்டு நிலவறையில் அமர்ந்து, ஏறக்குறைய முழு ஆல்பத்தையும் 14 மணி நேரத்தில் பதிவுசெய்து முடித்திருக்கிறார்கள். 2003 ஏப்ரலில் அது வெளியானது. பயன்படுத்தியது 1980களின் டாஸ்காம் 388 என்ற நாடாப் பதிவு இயந்திரம். தனித்தனியாக ஒலி பதியும் எட்டுத் தடங்களையும் வெறும் கால் அங்குல அகல நாடாவில் நெருக்கி அடைக்கும் இயந்திரம் அது. ஒவ்வொரு தடத்துக்கும் கிடைக்கும் இடம் மிகவும் குறுகல் என்பதால், சத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் ஒலியின் கூர்முனைகள் மழுங்கி, தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என் காதில் தகரப்பெட்டியாக விழுந்த டிரம்ஸின் குணத்துக்கு இதிலும் பங்கு இருக்கிறது.

இன்னொன்றும் அன்று பிடிபட்டது. பாஸ் கிடார் வாசிக்க மூன்றாவது ஆள் இல்லாததால், அவர்பாக்கின் கிடாரே அடித்தளத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அவர் பாடும்போது கிடார் பெரும்பாலும் மெட்டை ஒட்டியே நடக்கிறது. வரி முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் வாய் திறந்து பதில் சொல்கிறது. கார்னி டிரம்ஸைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். அவருடைய அடியில் நுணுக்கத்தைவிட முனைப்புதான் அதிகம். ஆனாலும் அவர் சற்றே முந்தும்போது கிடார் எட்டிப் பிடிப்பதையும், இழுக்கும்போது காத்திருப்பதையும் கேட்க முடிகிறது. ஐந்தாறு பேர் வாசிக்கும் குழுவில் இப்படி ஒருவர் மற்றவரைக் கவனிப்பது காதுக்கு எட்டாது. பின்பாதியில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒன்றைப் போலவே ஒன்று இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவற்றை நான் இப்போதும் வேகமாகத்தான் கடக்கிறேன்.

என்னை உட்கார வைத்த பாட்டு ‘எவ்ரிவேர் ஐ கோ’. இது இவர்கள் எழுதியதன்று. வட மிசிசிப்பியின் குன்றுப் பகுதியைச் சேர்ந்த ஜூனியர் கிம்ப்ரோ பாடியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை என்றால், பன்னிரண்டு பார்களுக்குள், அதாவது பன்னிரண்டு தாள அளவுகளுக்குள், மூன்று கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மாறி மாறி வந்து சுற்று முடியும் என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு, ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு நகராமல் சுழன்றுகொண்டிருக்கும் இந்த முறை புதிது. மற்ற பாட்டுகளில் முட்டி மோதும் கார்னி இங்கே கையை அடக்கி வாசிக்கிறார். ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஓடும் பாட்டில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. மாறவில்லை என்பதாலேயே, கிடார் ஒரு சுரத்தைச் சற்று வளைத்தால்கூட உடம்பு நிமிர்ந்துவிடுகிறது. அந்த ஒரு பாட்டை அன்று நான்கு முறை கேட்டேன்.

மறுநாள் தம்பியிடம் சொன்னபோது, “அப்ப இனிமே கிம்ப்ரோவையே கேளுங்கண்ணே” என்றார். கேட்டேன். ‘திக்ஃப்ரீக்னெஸ்’ ஆல்பத்தை வெளியிட்ட ஃபேட் பாசம் நிறுவனமே கிம்ப்ரோவின் இசைத்தட்டுகளையும் வெளியிட்டிருந்தது. மிசிசிப்பியில் சுலஹோமா என்ற சிற்றூர்ப் பக்கம், ஊர்க்காரர்கள் கூடிக் குடித்து ஆடும் எளிய கொட்டகை ஒன்றை அவர் நடத்திவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே அங்கே வாசிப்பார். 1998இல் அவர் காலமானார். 2000இல் அந்தக் கொட்டகையும் எரிந்துபோனது. 2006இல் பிளாக் கீஸ் இருவரும் அவருடைய பாட்டுகளை மட்டும் எடுத்து ஒரு சிறு தொகுப்பு செய்து, அதற்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். அதன் கடைசியில் பாட்டு இல்லை. கிம்ப்ரோவின் மனைவி தொலைபேசியில் அவர்களுக்காக விட்டுச்சென்ற செய்தி, அந்த அம்மாவின் சொந்தக் குரலிலேயே ஒலிக்கிறது. அதையும் அதே ஸ்பீக்கரில்தான் கேட்டேன். அவர் பேசி முடித்த பிறகும் நெடுநேரம் வேறெதையும் போடவில்லை.