[கலைச்சொல்] பட்ஜி துணையைக் கூப்பிடும் ஒலிக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

பட்ஜி வளர்ப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். (நம்மில் பலர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் ஆஸ்திரேலியச் சிறுகிளிதான் இது. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. அந்தச் சண்டை இன்னோர் இழையில்.) மூன்று சொற்கள் தேவை.

வார்பிள்: நிமிடக்கணக்கில் தனக்குத்தானே பாட்டும் முணுமுணுப்புமாக நீளும் ஒலி. ஆண்தான் அதிகம் செய்யும். 'மிழற்றல்' என்று போட்டுவிட்டேன்.
காண்டாக்ட் கால்: துணை கண்ணில் படாதபோது எழுப்பும் குறுங்குரல். அரை நொடிகூட இராது.
தூங்கப்போகும் நேரத்தில் அலகை அரைக்கும் ஓசை.

— ம.

---

அன்புள்ள ம. அம்மா,

மிழற்றல் மிகச் சரி. மழலை, மிழற்று, குழல் மூன்றிலும் ழகரம் இருப்பதைப் பாருங்கள். நாக்கு குழைந்தால் பிறக்கும் ஒலிக்குக் குழைந்த எழுத்து. குறள் 66இல் குழலையும் மழலையையும் வள்ளுவர் பக்கத்தில் வைத்தது தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்? யாழையும் சேர்த்தால் நான்கு.

இரண்டாவதற்குப் புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. 'பயிர்தல்' இருக்கிறது. குறுந்தொகை 16இல் செங்கால் பல்லி 'தன் துணை பயிரும்'. விலங்கும் பறவையும் துணையை அழைப்பதற்கு உள்ள வினை. ஆகவே 'பயிர்குரல்'.

— வே.

---

> ஆகவே 'பயிர்குரல்'

ஐயா, கையேட்டைப் படிப்பவர் பட்ஜி வயலில் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். 'அழைப்பொலி' என்றால் யாருக்கும் விளங்கும்.

எங்கள் வீட்டுப் பச்சைக்காரனைக் கவனித்திருக்கிறேன். அவன் துணையான மஞ்சள் பட்ஜியை அடுத்த அறைக்குக் கொண்டுபோன உடனே கம்பிக்கு ஓடி வந்து, கழுத்தை நீட்டி, 'ச்சிரீப்' என்று ஒரே வெட்டு. பிறகு அசையாமல் காது கொடுப்பான். அங்கிருந்து பதில் வந்தால் தினைக்குத் திரும்பிவிடுவான். வராவிட்டால் இன்னொரு வெட்டு, இன்னும் கூர்மையாக. அழைப்பு அல்லாமல் இது வேறென்ன?

— சு.

---

சு. தம்பி சொன்னதில்தான் விடை இருக்கிறது. அழைப்பு என்பது மிகப் பொது. தொலைபேசிக்கும் அதுதான், திருமணத்துக்கும் அதுதான். சேர்ந்து வாழும் பட்ஜிகளின் இந்தக் குரல் சில வாரங்களில் ஒன்றுபோல் ஆகிவிடும். ஜோடி சேர்ந்த ஆண் தன் பெண்ணின் குரலைக் கற்றுக்கொண்டு அதையே திருப்பிச் சொல்லும். ஏறக்குறைய பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான். அப்படிக் கூப்பிடுவதற்கு இலக்கணத்தில் விளி என்று பெயர். தொல்காப்பியர் விளிமரபு என்று ஓர் இயலே வைத்திருக்கிறார். 'இணைவிளி' என்போம்.

— க.

---

விளிக்கு 'சாதல்' என்றும் பொருள் உண்டு. குறள் 143, 'விளிந்தாரின் வேறல்லர்'. பறவை வளர்ப்பவர் கையில் கொடுக்கும் நூலில் இணைவிளியா? பயிருக்கு வயல் என்று சிரித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

— வே.

---

விளிதான் எட்டாம் வேற்றுமை. அதைப் படித்த யாரும் சாவை நினைக்கமாட்டார்கள்.

— க.

---

எட்டாம் வேற்றுமை படித்தவர்கள் எத்தனை பேர் பட்ஜி வளர்க்கிறார்கள், க. அண்ணா?

மூன்றாவதை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். யாரோ எனக்குத் தனிமடலில் 'நறநறப்பு' என்று அனுப்பியிருக்கிறார். வேண்டாம். நறநறவென்று பல்லைக் கடிப்பது கோபத்தில், இது நேர்மாறு. ஒற்றைக்காலில் நின்று, இறகை உப்பிக்கொண்டு, பாதிக்கண் மூடி அரைக்கும். தொண்டையிலிருந்து வருவதே இல்லை, அலகோடு அலகு உரசுவது. 'அலகரைப்பு' போதும். ஆனால் மூச்சோடு சேர்ந்து 'டிக் டிக்' என்று கேட்டு வாலும் மேலும் கீழும் ஆடினால் அது நோய், மருத்துவரிடம் ஓட வேண்டும். இரண்டும் குழம்பாத சொல்லாக இருக்கட்டும், அவ்வளவுதான் என் கவலை.

— சு.

---

இடையில் ஒரு செய்தி. பக் என்ற பட்ஜி 1728 சொற்கள் பேசியதாகக் கின்னஸ் பதிவு உண்டு. இந்த இழையில் நாம் மூன்றைத் தாண்டவில்லை.

— ந.

---

அனைவருக்கும் நன்றி. மிழற்றல், அலகரைப்பு இரண்டும் முடிந்தன. இரண்டாவதற்கு அழைப்பொலி 5, இணைவிளி 2, பயிர்குரல் 1. 'துணை அழைப்பொலி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பதிப்பாசிரியர் 'துணை' என்றால் உதவி என்று பொருள்படாதா என்று கேட்டிருக்கிறார். பதில் எழுதத் தெம்பில்லை.

— ம.

---

அச்சேறட்டும். என் படியில் பேனாவால் அடித்துப் பயிர்குரல் என்று எழுதிக்கொள்வேன்.

பி.கு.: ம. அம்மா முதல் மடலில் குறுங்குரல் என்று எழுதியிருக்கிறார். கோழிக்குஞ்சின் கீச்சொலிக்கும் அதுதானா? நாளை விரிவாக எழுதுகிறேன்.

— வே.