நாவலுக்கான கோப்புகளை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

கேள்வி:
நாவல் பாதி தாண்டிவிட்டது. அத்தியாயத்துக்கு ஒரு வேர்டு கோப்பு என்று வைத்திருக்கிறேன். இப்போது ஏழாவதுக்கு முன்னால் புதிதாக ஒன்றைச் செருக வேண்டும், அப்படியென்றால் பின்னால் இருக்கும் அத்தனைக்கும் பெயர் மாற்ற வேண்டும். போதாததற்கு 'புதியது', 'திருத்தியது' என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பிரதிகள் வேறு. ஒரே கோப்பாகச் சேர்த்துவிடலாமா? இல்லை, வேறு மென்பொருளுக்குப் போய்விடலாமா?

பதில் 1:
மென்பொருளெல்லாம் அப்புறம். முதலில் கோப்புப் பெயரிலிருந்து அத்தியாய எண்ணை எடுங்கள். 010, 020, 030 என்று பத்துப் பத்தாகத் தாண்டி எண் போட்டு, பக்கத்தில் அங்கே நடப்பதை எழுதுங்கள்: '060_கடிதம் வருகிறது', '070_ரயிலடி'. நடுவில் ஒன்று வந்தால் 065, அவ்வளவுதான், மற்றதைத் தொட வேண்டாம். முன்னால் சைபர் அவசியம், இல்லாவிட்டால் சில செயலிகளில் 100 போய் 20க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். எது எத்தனையாவது அத்தியாயம் என்பது கடைசியில் எல்லாவற்றையும் சேர்க்கும்போது முடிவாகட்டும்.

பழைய பிரதிகளைத் தனி ஃபோல்டரில் போட்டு, பெயரில் தேதி கொடுங்கள், வருடம் முதலில் வரும்படி: 2025-03-09. அப்போதுதான் பெயர் வரிசையே தேதி வரிசையாகவும் இருக்கும். 'புதியது' என்பதெல்லாம் அடுத்த வாரமே பழையதாகிவிடும்.

பதில் 2:
நான் ஒரே கோப்புக் கட்சி. அத்தியாயத் தலைப்புக்கெல்லாம் 'ஹெடிங் 1' ஸ்டைல் கொடுத்துவிட்டு, வியூ மெனுவில் நேவிகேஷன் பேனைத் திறந்தால் எல்லாத் தலைப்பும் இடது பக்கம் வரிசையாக நிற்கும், ஒன்றைப் பிடித்து இழுத்தால் அதன் கீழே உள்ள பக்கங்களும் கூடவே நகரும். பாத்திரத்தின் பெயரை மாற்ற நினைத்தாலும் ஒரே இடத்தில் தேடலாம். ஆனால் தமிழில் 'ரீப்ளேஸ் ஆல்' மட்டும் வேண்டாம். 'கண்ணன்' என்று தேடினால் 'கண்ணனை', 'கண்ணனுக்கு' எதுவும் சிக்காது, கடைசி எழுத்தின் புள்ளி போய்விடுகிறதே. 'கண்ண' வரை தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் வழி.

பதில் 3:
காட்சிகளை அடிக்கடி இடம் மாற்றுகிறவர் என்றால் ஸ்கிரிவெனர் என்ற எழுத்தாளர்களுக்கான மென்பொருள் நல்லது. காட்சி காட்சியாக எழுதி வரிசையை இழுத்து மாற்றலாம், திருத்துவதற்கு முன் ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்துக்கொண்டால் பழைய வடிவம் அப்படியே இருக்கும். ஒரு எச்சரிக்கை: அதில் ஒரு நாவல் என்பது உள்ளே நிறையச் சின்னக் கோப்புகள் கொண்ட ஃபோல்டர். கிளவுடில் வைத்து இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் திறந்தால் குழம்பிவிடும், ஒன்றில் மூடி, சிங்க் (கிளவுட் வழியாகக் கோப்புகள் இரண்டு கணினியிலும் ஒன்றுபோல் ஆவது) முடிந்த பிறகுதான் அடுத்ததில் திறக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, இப்போதைக்கு 010, 020 முறைக்கே மாறுகிறேன். வெட்டிய பகுதிகளை என்ன செய்வது? அழிக்க மனசு வரவில்லை.

பதில் 1:
ஏன் அழிக்க வேண்டும்? 'வெட்டியவை' என்று ஒரே ஒரு கோப்பு, எந்த எண்ணிலிருந்து வெட்டினீர்கள் என்று மேலே ஒரு வரி, போதும். அப்புறம், கிளவுடில் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், ஒரு கணினியில் அழித்தால் சிங்க் ஆகி அடுத்ததிலும் அழியும். வாரம் ஒருமுறை முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக் கழற்றி வையுங்கள்.